கொலைகாரன் ஓடிய பாதையில் வேன் ஓட்டும் வேலை

ஆபிரகாம் லிங்கனைச் சுட்டவன் தப்பி ஓடிய பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது என் வேலையில் ஒரு பகுதி. வாஷிங்டனில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன், வழிகாட்டியாகப் பேசுவதும் நான்தான். மற்ற நாட்களில் வெள்ளை மாளிகை, நினைவுச் சின்னங்கள், அருங்காட்சியகங்கள் என்று வழக்கமான சுற்று இருக்கும். சில சனிக்கிழமைகளில், ஏப்ரல் மாதம் என்றால் கட்டாயமாக, இந்த நீண்ட பயணம் வரும். காலையில், லிங்கன் சுடப்பட்ட ஃபோர்ட்ஸ் தியேட்டரில் தொடங்கி, தெற்கு மேரிலாந்தைக் கடந்து, பொட்டோமேக் ஆற்றைத் தாண்டி வர்ஜீனியாவில் முடியும். திரும்பி வருவதற்குள் இருட்டிவிடும்.

இதற்கு வருகிறவர்கள் சாதாரணச் சுற்றுலாப் பயணிகள் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வக்கீல்கள், நர்ஸ்கள், லிங்கனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்ட பள்ளி மாணவர்கள். பழைய வரைபடத்தின் நகலை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, எந்தத் திருப்பத்தில் எத்தனை மணிக்கு அவன் போனான் என்று ஒப்பிட்டுக்கொண்டே வருவார்கள். அவர்களுக்கு முன்னோடி ஓல்ட்ராய்ட் என்ற சேகரிப்பாளர். லிங்கன் உயிர்விட்ட பீட்டர்சன் வீட்டிலேயே தன் சேகரிப்போடு குடியிருந்தவர் அவர். தப்பியோடிய வழி முழுவதையும் நடந்தே பார்த்து, 1901இல் அதை நூலாகவும் எழுதினார். அவர் சேர்த்து வைத்த பொருட்களை அமெரிக்க அரசு 1926இல் 50,000 டாலர் கொடுத்து வாங்கியது.

இந்த வேலையில் எனக்கு முதல் நாளிலிருந்தே உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. வழித்தடம் முழுக்க, சுட்டவனான ஜான் வில்க்ஸ் பூத்தினுடையது. அவன் நின்ற இடத்தில் நாமும் நிற்கிறோம், அவன் ஒளிந்த இடத்தில் இறங்கிப் பார்க்கிறோம். அவன் பிடிபடுவானா என்ற பதற்றம் கேட்பவர் மனதில் தானாக ஏறிவிடும். மதியத்துக்குள் வேனில் இருப்பவர்கள் அவனோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடுவார்கள். அது அவர்கள் தப்பு இல்லை, துரத்தல் கதையின் இயல்பு அப்படி. ஆனால் சொல்கிறவனுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது.

அதனால் நான் லிங்கன் சுடப்பட்ட ஏப்ரல் 14ஆம் தேதியில் கதையைத் தொடங்குவதில்லை. அதற்கு மூன்று நாள் முந்தைய மாலையிலிருந்து தொடங்குகிறேன். 1865 ஏப்ரல் 11 அன்று வெள்ளை மாளிகையின் ஜன்னலில் நின்று லிங்கன் பேசினார். கறுப்பினத்தவரில் படித்தவர்களுக்கும், உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சிப்பாய்களாக இருந்தவர்களுக்கும் வாக்குரிமை கிடைப்பது தனக்கு விருப்பம் என்றார். கீழே கூட்டத்தில் பூத் நின்றுகொண்டிருந்தான். இதுதான் அவர் பேசும் கடைசிப் பேச்சு என்று அவன் அப்போது சொன்னதாகப் பதிவு இருக்கிறது. வேன் கிளம்பும் முன்பே இதை மைக்கில் சொல்லிவிடுவேன். எதற்காகச் சுட்டான் என்பது மனதில் உட்கார்ந்துவிட்டால், பிறகு வரும் குதிரையும் காடும் படகும் அதை மறைக்காது.

தியேட்டரின் கீழ்த்தள அருங்காட்சியகத்தில் அந்த டெரிஞ்சர் துப்பாக்கி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரே ஒரு குண்டுதான் போடலாம். எல்லோரும் அதன் முன்னால் சற்று நேரம் பேச்சில்லாமல் நிற்பார்கள். மேலே போனால் முதல் கேள்வி, "இது அசல்தானா?" என்பது. சுவர்கள் அசல், உள்ளே இருப்பது பெரும்பாலும் மறுசீரமைப்பு. கொலைக்குப் பிறகு அரசு இந்தக் கட்டடத்தை அலுவலகமாக்கியது. 1893இல் உள்தளங்கள் இடிந்து விழுந்து 22 எழுத்தர்கள் இறந்தார்கள். 1968இல்தான் மறுபடி நாடக அரங்காகத் திறந்தார்கள். அந்த 22 பேரைத் தேடி யாரும் வருவதில்லை. நான் மட்டும் ஒரு வாக்கியமாவது சொல்லாமல் விடுவதில்லை.

அப்புறம் சாலையைக் கடந்து பீட்டர்சன் வீடு. எனக்கு இந்தப் பயணத்திலேயே முக்கியமான இடம் இதுதான். லிங்கனைக் கிடத்திய பின்னறை ஒன்பதரை அடிக்குப் பதினேழு அடி, அவ்வளவுதான். அவர் உயரத்துக்குக் கட்டில் போதாமல் குறுக்காகப் படுக்க வைத்தார்கள். (அசல் கட்டில் இப்போது சிகாகோவில் இருக்கிறது.) அவரிடம் முதலில் ஓடி வந்த ராணுவ மருத்துவர் சார்லஸ் லீல் என்ற 23 வயது இளைஞர். மருத்துவப் பட்டம் வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பிழைக்க வழியில்லை என்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. கண் தெரியாத அந்த நிலையிலும் பக்கத்தில் ஒரு நண்பன் இருப்பதை லிங்கன் உணரட்டும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக, வெகுகாலம் கழித்து லீல் சொன்னார். காலை 7.22க்கு உயிர் பிரிந்தது. இங்கே நான் அவசரப்படுத்துவதே இல்லை. அடுத்த நிறுத்தத்துக்கு நேரமாகிவிட்டாலும் பரவாயில்லை.

அதன் பிறகு ஓட்டம்தான். பூத் கடந்த கடற்படைத் தள மரப்பாலம் இப்போது இல்லை. அதன் பக்கமாக இன்று 11ஆம் தெருப் பாலம் போகிறது. சுமார் 20 கிலோமீட்டரில் மேரி சர்ராட்டின் பழைய விடுதி. நள்ளிரவில் பூத்தும் கூட்டாளி ஹெரால்டும் இங்கே துப்பாக்கியும் தொலைநோக்கியும் வாங்கிக்கொண்டு போனார்கள். மேரி சர்ராட்டுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்ற விவாதம் இங்கே தொடங்கும். கொலைச் சதிக்காக 1865 ஜூலை 7 அன்று நால்வரைத் தூக்கிலிட்டார்கள், அவர்களில் ஒருவர் இவர். அமெரிக்க மத்திய அரசு தூக்கிலிட்ட முதல் பெண். விடுதியைக் குத்தகைக்கு எடுத்திருந்த லாய்டின் சாட்சியத்தை நம்பலாமா கூடாதா என்று எங்கள் வேனில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. இரண்டு பக்கத்துச் சான்றுகளையும் எடுத்துச் சொல்வேன், தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

அடுத்தது டாக்டர் மட் என்பவரின் வீடு. விடியற்காலை நான்கு மணிவாக்கில் பூத்தின் உடைந்த காலுக்குக் கட்டுப்போட்டது இங்கேதான். இந்த இடத்தில் வண்டியின் ஓடோமீட்டரைக் காட்டுவேன். தியேட்டரிலிருந்து ஏறக்குறைய 30 மைல். பூத் தன் நாட்குறிப்பில், எலும்பு சதையைக் கிழிக்க அந்த ராத்திரி 60 மைல் குதிரையில் போனதாக எழுதி வைத்திருக்கிறான். சுட்டுவிட்டு மேடையில் குதித்தபோதே கால் உடைந்ததாகவும் எழுதியிருக்கிறான். ஆனால் வழியில் பார்த்தவர்களிடம் குதிரை விழுந்து உடைந்தது என்று சொல்லியிருக்கிறான். எது உண்மை என்று ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. அவன் தொழில்முறை நடிகன். தன் கடைசி வேடத்தை எப்படி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நமக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த எழுத்தை அப்படியே மைக்கில் வாசித்தால் நானும் அவனுக்கு வேலை செய்கிறவன் ஆகிவிடுவேன். அதனால் மைல் கணக்கைச் சேர்த்தே சொல்கிறேன்.

பைன் காட்டில் அவன் ஒளிந்திருந்த நாட்களுக்கும் இதே முறைதான். தாமஸ் ஜோன்ஸ் என்பவர் சாப்பாடும் செய்தித்தாளும் கொண்டுபோய்க் கொடுத்தார். நாடு பாராட்டும் என்று காத்திருந்தவன், எல்லாப் பத்திரிகையும் தன்னைத் திட்டுவதைப் படித்து நொந்துபோனான். சீசரைக் கொன்ற புரூட்டஸைப் புகழ்ந்த அதே மாதிரிச் செயலுக்குத் தன்னை நாய் போலத் துரத்துகிறார்களே என்று எழுதினான். இதை வாசிக்கும்போது சிலர் முகத்தில் இரக்கம் தெரியும். இரக்கப்படுவது மனித இயல்பு, நான் மறித்துப் பேசுவதில்லை.

ஆற்றைத் தாண்டியதும் நான் சொல்லும் கதை ஒன்று எங்கள் கால அட்டவணையில் நிறுத்தமாகவே கிடையாது. ஓடிக்கொண்டே சொல்வதுதான். ஏப்ரல் 23 இரவு, டாக்டர் ஸ்டூவர்ட் என்ற வசதிக்காரர் பூத்தைத் தன் வீட்டில் தங்கவிட மறுத்தார். சாப்பாடு மட்டும் போட்டு அனுப்பிவிட்டார். பூத்தும் ஹெரால்டும் வில்லியம் லூகாஸ் என்ற கறுப்பின விவசாயியின் குடிசைக்குப் போனார்கள். வீட்டில் மனைவிக்கு உடம்பு சரியில்லை. இடமில்லை என்றார் லூகாஸ். பூத் கத்தியைக் காட்டினான். குடும்பமே வெளியே வந்துவிட, அவர்கள் உள்ளே தூங்கினார்கள். காலையில் குதிரைகளைக் கேட்டபோது, சோளம் விதைக்க வேண்டும், ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தார். தெற்கின் தலைநகரான ரிச்மண்ட் விழுந்த பிறகும் வண்டி குதிரை பிடுங்குவது ஓயவில்லையா என்ற பொருளில் ஒரு வார்த்தையும் கேட்டார். எதிரில் ஆயுதத்தோடு இருவர் நிற்க அப்படிக் கேட்டவர் அவர். கடைசியில் அவருடைய மகன்தான் வண்டி கட்டிக்கொண்டு போர்ட் கான்வே என்ற ஊரில் கொண்டுபோய் விட்டான். அதற்கு முன் பூத் ஒரு காரியம் செய்தான். இடம் தராத ஸ்டூவர்ட்டின் விருந்தோம்பலைப் பழித்துக் கடிதம் எழுதி, சாப்பாட்டுக்கென்று இரண்டரை டாலர் வைத்து அனுப்பினான். தன்னை வீட்டுக்குள் விடாத பணக்காரர் மீது அவனுக்கு அவ்வளவு ரோஷம். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட லூகாஸ் குடும்பம் அந்தக் கடிதத்தில் வரவேயில்லை. பன்னிரண்டு நாள் ஓட்டத்தில் அவன் யார், எதற்காகச் சுட்டான் என்பதை இந்த ஓர் இரவைவிடத் தெளிவாகக் காட்டும் இரவு எனக்குத் தெரியாது.

பூத் கடைசியாக ஒளிந்திருந்த, கேரட் என்ற குடும்பத்தின் பண்ணையில் பார்க்க ஏதும் மிச்சமில்லை. வீடு போய்விட்டது, புகையிலைக் கொட்டகை அன்றே எரிந்துவிட்டது. அந்த இடம் இன்று 301ஆம் நெடுஞ்சாலையின் போகும் வழிக்கும் வரும் வழிக்கும் நடுவே மரம் அடர்ந்த பட்டையாகக் கிடக்கிறது. லாரிகள் பறக்கும் சாலை. ஓட்டுநராக எனக்கு மிகவும் பயம் தரும் இடமும் அதுதான். சாலையோரப் பலகை அருகே நின்று, துரத்தி வந்த படையின் சார்ஜென்ட் பாஸ்டன் கார்பெட் பூத்தைச் சுட்டதையும், அவன் திண்ணையில் கிடந்து இறந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவேன்.

பால்டிமோரில் பூத்தின் குடும்பக் கல்லறைக்கும் போக வேண்டும் என்று சிலர் தனியாகக் கேட்பார்கள். கூட்டிப் போவேன். அவன் பெயரோடு தனிக் கல் அங்கே கிடையாது. எழுத்தில்லாத சின்னக் கல் ஒன்றின் மேல், வருகிறவர்கள் லிங்கன் முகம் பொறித்த ஒரு சென்ட் காசுகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். என்னிடம் காசு கேட்டால் கொடுப்பேன்.

நம்மவர்கள் நிறையப் பேர் செர்ரி மரங்கள் பூக்கும் பருவத்தில் வாஷிங்டன் வருகிறார்கள். அந்த நேரத்தில் ஃபோர்ட்ஸ் தியேட்டருக்குக் கூட்டம் அதிகம், நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். முதலில் கீழ்த்தள அருங்காட்சியகம், அடுத்து அரங்கு, கடைசியில் எதிர்ப்புற வீடு. பிள்ளைகள் கூட இருந்தால் ஏப்ரல் 11 பேச்சை அவர்களுக்கு முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள். வர்ஜீனியா வரை போக நேரமில்லை என்றால் சர்ராட் விடுதியோடு திரும்பலாம். பீட்டர்சன் வீட்டுக்கு மட்டும் நேரத்தைக் குறைக்க வேண்டாம்.