மூணாவது எர்த் குழி எங்க சார்?

எங்கள் யூனிட்டின் மின் பாதுகாப்பு ரீ-ஆடிட் முடிந்து நான்கு நாள் ஆகிறது. "சரி" என்று கையெழுத்து வாங்கிவிட்டோம். ஆனாலும் முதல் ஆடிட்டில் ஆடிட்டர் மேடம் கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. "ரிப்போர்ட்ல மூணாவது எர்த் குழி 0.8 ஓம்னு போட்டிருக்கு. எங்க சார் அது, காட்டுங்க." கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் குழிதான் எர்த் குழி, ஓம் குறையக் குறைய நல்லது. எங்கள் யூனிட்டில் இருந்ததே இரண்டு குழிதான்.

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. 24 மெஷின், முப்பது பேர், பெரும்பாலும் பெண்கள். ஒரு ஏற்றுமதி கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்கிறோம். மின் பாதுகாப்புச் சோதனை அறிக்கை இருந்தால்தான் அடுத்த ஆர்டர் என்று அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இதே மாதிரி கடிதம் வாங்கி வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரர் என்று ஒருவரைப் பிடித்தேன். வந்தார், பேனலைத் திறந்து நாலு போட்டோ எடுத்தார், டீ குடித்தார். மொத்தம் இருபது நிமிஷம். "ரீடிங்கெல்லாம் நான் போட்டுத் தர்றேன் சார், நீங்க ஆர்டரைப் பாருங்க" என்றார். 7,500 ரூபாய் கொடுத்தேன். முத்திரை, கையெழுத்து எல்லாம் போட்ட அறிக்கை மூன்றாம் நாள் வந்தது. வேறு எந்த யூனிட்டுக்கோ போட்டதை அப்படியே நகல் எடுத்திருக்கிறார். அதை நான் ஒரு முறைகூட முழுசாகப் படிக்கவில்லை. இது என் தப்பு, இன்றும் உறுத்துகிறது.

இல்லாத குழியில் மாட்டிக்கொண்டதோடு ஆடிட் முடியவில்லை. அந்த மேடம் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு நேராக மெஷின் வரிசைக்குப் போனார். ஏழாவது மெஷினில் இருந்த அக்காவின் காலடியில், செருப்புக்கு வைக்கும் ஃபோம் போன்ற ஈ.வி.ஏ. ஷீட் துண்டு ஒன்று கிடந்தது. "இது எதுக்கு?" என்றார். "மெஷின்ல கை பட்டா சுர்ருங்கும் மேடம். இதைக் கால்ல போட்டுக்கிட்டா தெரியாது" என்றார் அக்கா. எவ்வளவு நாளாக என்று கேட்டதற்கு, ஒரு வருஷம் இருக்கும், பழகிப்போச்சு என்று பதில். தினமும் அந்த வழியாக இருபது தடவை நடக்கிறேன். அந்த ஷீட்டைப் பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை மெஷின் உடம்பிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்தார்கள். 104 வோல்ட்.

முதல் ஒப்பந்ததாரரிடம் சத்தம் போட்டேன். அவர் அனுப்பிய பையன் வந்து, எல்லா மெஷினும் பிளக்கில் இருக்கும்போதே மெக்கர் வைத்தான். ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்தான் மெக்கர், 500 வோல்ட் டி.சி. கொடுக்கும். இரண்டு சர்வோ மோட்டாரின் கன்ட்ரோல் பாக்ஸ் அங்கேயே செத்தது. தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்: மெக்கர் போடும் முன் சர்வோ, எல்.இ.டி. விளக்கு, கம்ப்யூட்டர் என்று எலக்ட்ரானிக் போர்டு உள்ள எதையும் கழற்றிவிட வேண்டும். ஒயரை மட்டும்தான் சோதிக்கிறோம். ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும், ஆரோக்கியமான ஒயர் அதற்கு எவ்வளவோ மேலே காட்டும்.

அப்புறம்தான் வாணியம்பாடிப் பெரியவர் ஒருவர் கிடைத்தார். ஒப்பந்ததாரருக்கான ஈ.ஏ. லைசென்ஸ், அதன் காலாவதி தேதி, சூப்பர்வைசரின் சி சான்றிதழ் மூன்றையும் நான் கேட்கும் முன்பே அவர் மேஜையில் வைத்தார். "நான் மீட்டர் வைக்கிறப்போ நீங்க பக்கத்துல நிக்கணும். நம்பரை நீங்கதான் எழுதணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

முதலில் பிளக்குகளைத் திறந்தார். 24-ல் ஒன்பதில் எர்த்துக்கான பச்சை ஒயரை வெட்டி, மடித்து, டேப் சுற்றி வைத்திருந்தது. எப்போதோ இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருக வசதிக்காக யாரோ செய்திருக்கிறார்கள். சர்வோ பாக்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் எப்போதும் மெஷின் உடம்புக்குக் கசியும். எர்த் இருந்தால் அது அந்த வழியே போய்விடும். எர்த் இல்லையென்றால், தொடுகிற ஆள் வழியாகப் போகும். சுர்ரென்று இருப்பதோடு நின்றது எங்கள் அதிர்ஷ்டம். உள்ளே ஒரு ஒயர் தோல் உரிந்து உடம்பில் பட்டிருந்தால் முழு 230 வோல்ட்டும் மெஷின் மேலே நின்றிருக்கும். கரண்ட் அதிகமானால் தானாக விழும் 16 ஆம்ப் எம்.சி.பி. இருக்கிறதே என்று நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரைத்தான். ஆள் உடம்பில் ஓடும் கரண்ட் மில்லி ஆம்ப் கணக்கு, எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. அதற்கு, கரண்ட் கசிவதைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும், 30 மில்லி ஆம்ப்.

இரண்டு சுவிட்ச் பாக்ஸில் இதைவிட மோசம். எர்த் வராததால் நியூட்ரலிலிருந்தே ஒரு துண்டு ஒயரை எர்த் பின்னுக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். பார்ப்பதற்கு எர்த் இருப்பது போலவே தெரியும். ஆனால் மெயினில் நியூட்ரல் கழன்றால் அந்த பாக்ஸில் உள்ள மெஷின் எல்லாம் ஷாக் அடிக்கும். பெரியவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆர்.சி.சி.பி. போட்ட அன்று மதியத்துக்குள் பதினோரு தடவை டிரிப் ஆனது. தையல் நின்று நின்று ஓடியது. "இதைப் பைபாஸ் பண்ணிடலாம் சார்" என்று எங்கள் மெக்கானிக்கே சொன்னார். இந்த இடத்தில்தான் பல யூனிட்டில் பைபாஸ் பண்ணிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். பெரியவர் கசியும் கரண்டை அளக்கும் லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாட்டினார். 24 மெஷினும் ஓடும்போது 37 மில்லி ஆம்ப். ஒவ்வொரு மெஷினும் ஒன்றரை கசிந்தாலே அவ்வளவு வந்துவிடும். 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. பாதி அளவிலேயே, 15-ஐத் தாண்டியதுமே விழலாம். ஆறு ஆறு மெஷினாகப் பிரித்து நான்கு ஆர்.சி.சி.பி. போட்டார். ஒவ்வொன்றிலும் ஒன்பது சொச்சம்தான். அதன் பிறகு காரணமில்லாமல் ஒரு தடவைகூட விழவில்லை.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது என்பதையும் யோசியுங்கள். மெக்கர், எர்த் குழி இரண்டுக்கும் கரண்டை நிறுத்தியாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமைதான் சரி. லீக்கேஜ் பார்க்க மெஷின் ஓட வேண்டும், அதற்கு ஆட்கள் வேண்டும். ஒரே நாளில் முடியாது.

குழிக்கு வருகிறேன். நாங்கள் அளந்தது மே மாதம். பாலாறு எப்படி வறண்டு கிடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மண்ணும் அப்படித்தான். எர்த் டெஸ்டருக்குத் தள்ளித் தள்ளி இரண்டு கம்பி அடிக்க வேண்டும், எங்கள் வளாகம் முழுக்க சிமென்ட். பக்கத்துக் காலி மனைக்காரரைக் கேட்டு அங்கே அடித்தோம். முதல் குழி 11 ஓம், இரண்டாவது 14. மூடியைத் திறந்தால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைப் பிடிக்கும் போல்ட் துருப்பிடித்து, விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. பட்டை சும்மா சாய்ந்து நின்றிருக்கிறது. புது நட்டு போல்ட், சுத்தம் செய்த பட்டை, ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண், ஐந்து மீட்டர் தள்ளி 3 மீட்டர் பைப்போடு புதுக் குழி ஒன்று. நாலு அடியிலேயே பாறை. அந்த வேலைக்கு மட்டும் இரண்டு நாள். மூன்றையும் சேர்த்து 2.2 ஓம் வந்தபோது நான் அந்த எண்ணை மூன்று தடவை பார்த்தேன். குழி காய்ந்தால் ரீடிங் ஏறும், அதனால் வாரம் ஒரு தடவை தண்ணீர் ஊற்றுகிறோம். அளப்பதாக இருந்தால் கோடையில் அளந்து பாருங்கள். ஐப்பசி மழையில் எந்தக் குழியும் நல்ல பிள்ளைதான்.

மின்சுமையும் அனுமதித்ததைவிடக் கூடுதலாக இருந்தது. 12 கிலோவாட்டுக்கு வாங்கி 19 ஓட்டிக்கொண்டிருந்தோம். கூட்டி வாங்கப் போன இடத்தில் இன்னொரு அலைச்சல். கட்டடத்தின் 1992 பத்திரத்தில் "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்", மின் இணைப்புத் தாளில் "வேலூர் மாவட்டம்", 2019-க்குப் பிறகு வாங்கிய சொத்து வரி ரசீதில் "திருப்பத்தூர் மாவட்டம்". மூன்றும் வேறு வேறு இடம் என்று கவுன்ட்டரில் இருந்தவர் திருப்பி அனுப்பிவிட்டார். மாவட்டம் பிரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரமும் அதே பதில், அரை நாள் போயிற்று. மூன்றாவது தடவை வி.ஏ.ஓ.விடம் "ஒரே சர்வே எண், ஒரே கட்டடம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு போனேன். அன்று வேறு ஒருவர் இருந்தார், ஐந்து நிமிஷத்தில் வாங்கிக்கொண்டார். பழைய பத்திரம் உள்ளவர்கள் அந்தக் கடிதத்தை முதல் தடவையே எடுத்துப் போங்கள்.

ரீ-ஆடிட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. பேனல் முன்னால் ஒரு மீட்டர் இடம் விட்டு அட்டைப்பெட்டிகளை அகற்றியிருந்தோம். தமிழில் மின் அதிர்ச்சி முதலுதவிப் பலகை மாட்டியிருந்தோம். பேனல் முன்னால் போடும் ரப்பர் மேட் மட்டும் சிக்கியது. கடையில் கறுப்பாகக் கிடைத்ததை வாங்கிப் போட்டிருந்தேன், மின்சாரம் தாங்கும் மேட்டுக்கான ஐ.எஸ். 15652 முத்திரை இல்லை. மறுநாளே மாற்றி போட்டோ அனுப்பினேன். ரப்பர் சொல்யூஷன் பசை தடவும் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்ச் போர்டைப் பெரியவர் முன்பே தூரமாக மாற்றியிருந்தார். அந்த ஆவியில் ஒரு தீப்பொறி போதும் என்று சொன்னார், ஆடிட்டரும் அதைத்தான் முதலில் தேடினார்.

இப்போது மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை, மெஷின் ஓடும் முன் நான்கு ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனையும் அமுக்கி, விழுகிறதா என்று பார்த்து நோட்டில் எழுதுகிறோம். வரிசை வரிசையாகப் போய் "சுர்ருங்குதா?" என்று கேட்பதும் அந்த நோட்டில் ஒரு கட்டம்தான். ஏழாவது மெஷின் அக்கா முதல் வாரம் ஈ.வி.ஏ. ஷீட்டை எடுக்கவே இல்லை. மீட்டரை அவர் கையிலேயே கொடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னேன். பூஜ்யம் என்று காட்டியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காலால் அதை ஓரமாகத் தள்ளினார்.