பத்து லட்சம் கூடுதல், கைக்கு முப்பதாயிரம்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 14 லட்சம் சிடிசி, அதாவது எனக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. போன வருடம் பெங்களூரில், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்திலிருந்து 24 லட்சத்துக்கு ஆஃபர் வந்தது. அன்றிரவு சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலையில் எக்செலைத் திறந்து உட்கார்ந்தேன். 24 லட்சத்தில் 4 லட்சம் வேரியபிள். இலக்கை எட்டினால்தான் வரும். மீதி 20 லட்சத்துக்குள் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அடக்கம். என் பங்கு பி.எஃப்., வருமான வரி இரண்டையும் கழித்தால் மாதம் 1,29,000 பக்கம் கைக்கு வரும். இப்போது 99,000 வருகிறது. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை என்பதால், கழிவுகள் போக அதைக் கொஞ்சமே தாண்டும் நான் இங்கே கட்டும் வரி சில ஆயிரங்கள்தான். அங்கே போனால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். வாடகைப் படிக்கும் புதிய முறையில் விலக்கு கிடையாது. ஆக, 10 லட்சம் என்று பார்த்தது மாதம் 30,000 ஆகிவிட்டது. இங்கே சொந்த வீடு. அங்கே வாடகைக்கே அது போய்விடும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் மனம் தெளிந்துவிட்டது என்று சொன்னால் பொய். சி.எஃப்.ஓ., அதாவது தலைமை நிதி அதிகாரி பதவிக்குப் போகும் வழி அந்த மாதிரி நிறுவனங்களில்தான் இருக்கிறது. இங்கே நான் ஏறக்கூடிய படி அநேகமாக ஏறி முடிந்துவிட்டது. அது இன்றும் உறுத்துகிறது.

அப்புறம் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி பட்டியலிட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிந்த 45 நாளுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும்; ஆண்டுக் கணக்குக்கு 60 நாள். ஜனவரி 1 முதல் பிப்ரவரி 14 வரை ஒரு ஓட்டம், பொங்கல் அதற்குள். அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை இன்னொன்று, தீபாவளி அதற்குள். ஏப்ரலும் மே மாதமும் ஆண்டுக் கணக்கு, ஆடிட்டர், போர்டு மீட்டிங். அது பிள்ளைகளின் கோடை விடுமுறை. இங்கேயும் 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்டுவது), 20ஆம் தேதி ஜிஎஸ்டி என்று ஓட்டம் உண்டு. ஆனால் அந்த நாட்களில்கூட எட்டு மணிக்கு வீட்டில் இருப்பேன்.

மனைவி, "நாங்க இங்கயே இருக்கறமுங்க. நீங்க வெள்ளிக்கிழம ராத்திரி பஸ் ஏறி வந்துட்டுப் போங்க" என்றாள். ஆறாவது படிக்கும் மகளை நடுவில் பள்ளி மாற்ற அவளுக்கு மனமில்லை. எனக்கோ வாரம் இரண்டு நாள் அப்பாவாக இருக்க மனமில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அப்பா சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்தவர். நைட் ஷிப்ட் வாரங்களில் பகல் முழுக்கத் தூங்குவார். நாங்கள் சத்தம் போடாமல் விளையாடக் கற்றுக்கொண்டோம். என் சின்ன வயது அப்பாவை நினைத்தால், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் முதுகுதான் முதலில் ஞாபகம் வருகிறது. அவர் எங்களுக்காகத்தான் உழைத்தார், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவரிடம் சொன்னபோது, போகாதே என்பார் என்று எதிர்பார்த்தேன். "போ சாமி" என்றார். "நானும் நிலையான வேலைன்னுதான் அந்த மில்லுலயே இருந்தேன். நீ பத்தாவது படிக்கறப்ப இழுத்து மூடிட்டாங்க. உன்ர கம்பெனி மூடாதுன்னு யார் சொன்னா?"

இரண்டு நாள் இந்தக் கேள்வியோடு சுற்றினேன். மூன்றாம் நாள் பெங்களூருக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த ஹெச்.ஆர். பெண், சம்பளத்தில் இன்னும் கொஞ்சம் பேசலாமே என்றார். சம்பளம் காரணமில்லை என்றேன்.

அப்பா கேட்டதற்கு மட்டும் இன்னும் என்னிடம் பதில் இல்லை. அதற்காக மாதம் 15,000 தனியாக வங்கியில் போட்டு வருகிறேன். ஆறு மாத வீட்டுச் செலவு சேர வேண்டும். இப்போதைக்கு இரண்டு மாதத்துக்குச் சேர்ந்திருக்கிறது.