பசி திரும்பி வந்த கதை

"சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சு வர்ற ஏப்பத்துல என்ன வாசனை இருக்கு?"

ஆயுர்வேத வைத்தியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். இரண்டு வருடமாக வயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு எழுந்ததுமே உப்புசம், காலையில் மூன்று முறை கழிப்பறை, அப்படியும் முழுசாகப் போகாத உணர்வு, மறுநாள் மலச்சிக்கல். எண்டோஸ்கோப்பி, ரத்தம், மலம் என எல்லாப் பரிசோதனையும் முடிந்து, புண்ணோ கட்டியோ இல்லை, ஐ.பி.எஸ். (குடல் பார்வைக்கு நன்றாக இருந்தும் அதன் இயக்கம் கெட்டுத் தொந்தரவு தருவது) என்று சொல்லியிருந்தார்கள். அந்த ரிப்போர்ட்டுகளோடுதான் வைத்தியரிடம் போனேன். யாராக இருந்தாலும் இந்த வரிசையில்தான் போக வேண்டும் என்பேன். மலத்தில் ரத்தம், கறுப்பாக மலம் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, வலியால் தூக்கம் கலைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சூரணத்தைத் தேடக் கூடாது, முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மதியம் வரைக்கும் காலைச் சாப்பாட்டின் வாசனைதான் ஏப்பத்தில் வருகிறது என்றேன். "அப்போ காலையில சாப்பிட்டது இன்னும் செரிக்கல. அதுக்கு மேலயே மதியத்துக்கும் போடுறீங்க" என்றார். உலையில் அரிசி பாதி வெந்திருக்கும்போது மேலே புது அரிசியைக் கொட்டினால் எப்படி இருக்கும், அதுதான் நடக்கிறது என்றார். முன்பு உண்டது செரிக்கும் முன்பே மறுபடி உண்பதற்கு ஆயுர்வேதத்தில் அத்யசனம் என்று பெயர். எனக்குப் பசித்தீ ஒரு நாள் எரிந்து ஒரு நாள் அணைகிற விஷமாக்னி என்றும், அது முற்றினால் கிரகணி, அதாவது செரிமானம் கெட்டு மலம் ஒரு நாள் இளகியும் ஒரு நாள் இறுகியும் போகும் நோய் என்றும் விளக்கினார். சரக சம்ஹிதையின் சிகிச்சை ஸ்தானத்தில் 15ஆம் அத்தியாயம் அந்த நோயைப் பற்றியதுதான்.

நானாகச் செய்த தவற்றையும் அவரிடம் சொன்னேன். அதற்கு முந்தைய மாதம், யாரையும் கேட்காமல் ஹிங்குவாஷ்டக சூரணம் வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம் என எட்டும் சேர்ந்தது. பத்து நாள் நெஞ்சு எரிந்து, பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். புளித்த ஏப்பமும் எரிச்சலும் இருக்கும்போது அந்த உஷ்ணம் ஆகாது என்றார் வைத்தியர். அதே சூரணத்தை அவரே ஒரு மாதம் கழித்துக் கொடுத்தார். எரிச்சல் அடங்கிய பிறகு, சூடான சோற்றில் நெய்யோடு பிசைந்து முதல் கவளத்தில் மட்டும். இந்த முறை ஒத்துக்கொண்டது.

முதல் பத்து நாளும் மருந்தே கிடையாது. ஏப்பம் சுத்தமாக வரணும், உடம்பு லேசாக இருக்கணும், மலமும் வாயுவும் தடையில்லாமல் போகணும், பசி எடுக்கணும். அதுவரை அடுத்த வேளை சாப்பிடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொன்னார். ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதிவந்தேன். நான்காம் நாள் பக்கம் இப்படி இருக்கிறது: "11.10 புளிப்பு. 12.30 இன்னும் இருக்கு. 1.45 ஒன்றுமில்லை. 2.05 பசி."

அந்த 2.05 மணியை மறக்க மாட்டேன். வயிற்றின் அடியில் மெல்லக் கிள்ளியது போல இருந்தது. இவ்வளவு நாளும் நான் பசி என்று நினைத்தது வெறும் பழக்கம், கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு அளவு. வயிற்றில் பாதி திட உணவு, கால் பாகம் தண்ணீர், மீதி கால் காலியாக. சொல்வது சுலபம், எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெண்ணெய் எடுத்த மோரில் வறுத்த சீரகப் பொடியும் துளி இந்துப்பும். கிரகணிக்கு மோரை ஆயுர்வேத நூல்கள் தனியாகப் புகழ்கின்றன. ராத்திரியில் தயிர் கூடாது என்றார். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மோரையும் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது.

மூன்றாம் வாரம் சறுக்கினேன். இரவு பதினொரு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டேன், நாலு நாள் பழையபடியே ஆயிற்று. வைத்தியர் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு நாள் கஞ்சியும் சுக்கு வெந்நீரும் போதும் என்றார்.

ஆயுர்வேதம் என்பதாலேயே எல்லாம் தீங்கில்லாதது என்று நம்பிவிடக் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்துப்பையும் அதிமதுரத்தையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. அரிஷ்டம் என்ற திரவ மருந்துகளில் நொதித்து உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. சில மருந்துகளில் பாதரசம் போன்ற உலோகங்கள் சேர்கின்றன. என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு மருந்துக்கும் கேட்டேன், அவரும் பொறுமையாகச் சொன்னார். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் காட்டினேன்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. சூரணத்தை மூன்றாம் மாதமே நிறுத்தச் சொல்லிவிட்டார். காலையில் ஒரு முறை போனால் போதும், வயிறு காலியான நிறைவு இருக்கிறது. தூக்கம் கெட்ட மறுநாள் மட்டும் உப்புசம் எட்டிப் பார்க்கும். அன்றைக்கு நோட்டை எடுத்து, ஏப்பத்துக்கு நேரம் போட்டு எழுதிக்கொண்டு, பசிக்காகக் காத்திருக்கிறேன்.