கரண்ட் போனால்தான் நைனா கூப்பிடுவார்

ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகருக்கு வந்த மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு மேலாளருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். வேலையை இரண்டு நாள் முன்னதாகவே முடித்துவிட்ட பெருமை எனக்கு. திங்கள் காலை தனியாகக் கூப்பிட்டார். பாராட்டப்போகிறார் என்று போனால், "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று மெதுவாகக் கேட்டார். ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து வேலை பார்க்கிறவளுக்கு வேறு என்ன இருக்க முடியும் என்பது அவர் கணக்கு. சுருக்கென்றது.

ஜெர்மனியில் சட்டமே அப்படித்தான். ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் 11 மணி நேரம் ஓய்வு வேண்டும். ஞாயிறு ஓய்வு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919-இல் எழுதிய வரியை இன்றும் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அன்றைக்குக் கடைகளும் மூடிக் கிடக்கும். வந்த புதிதில் ஒரு ஞாயிறு தயிர் இல்லாமல் நான் பட்டபாடு தனிக்கதை. வேலை முடிகிற நேரத்துக்கு ஒரு பெயர் வேறு, ஃபையராபெண்ட். பிரித்தால் கொண்டாட்ட மாலை. பக்கத்து மேசைக்காரர் நாலரைக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக் கணினியை மூடினால் நேரே பாட்டுக் குழுவுக்குப் போவார். கணக்குப் பார்க்கும் அம்மா பறவைகளுக்கு மரக்கூடு செய்கிறார். நாலரைக்கு எனக்கும் விடுதலைதான், விடுதலையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

நான் ஏகாம்பரகுப்பம், நகரிக்குப் பக்கம். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். அதனால் இங்கே பொங்கல் விழாவுக்குப் போனால் "ஆந்திராவா?" என்கிறார்கள், உகாதிக்குப் போனால் "அரவமா?" என்கிறார்கள், தெலுங்கில் தமிழுக்கு அப்படிப் பெயர். இரண்டு இடத்திலும் சாப்பாடு உண்டு என்பது லாபம்.

வீட்டில் நாலு விசைத்தறி. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம், பள்ளிக்கூடத்தில் அதற்கே திட்டு வாங்குவோம். அமாவாசைக்குத் தறி ஓடாது. மற்றபடி ஓய்வு என்பது கரண்ட் போவதுதான்.

கரண்ட் போனால் தெரு முழுக்க ஒரே நொடியில் அடங்கும். கொஞ்ச நேரம் காதுக்குள் ஒரு இரைச்சல் மட்டும் இருக்கும். அப்புறம் யாரோ இருமுவது கேட்கும், யார் வீட்டிலோ கடுகு வெடிப்பது கேட்கும். நைனா தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டு திண்ணைக்கு வருவார். அம்மா ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவதை விட்டுவிட்டுக் காலை நீட்டுவாள். எதிர்வீட்டு மாமா தாயக்கட்டையை உருட்டுவார். நைனா ஒரு பாட்டை எடுப்பார். வரி பாதிதான் தெரியும். மீதியை, நூல் கொடுக்கும் முதலாளியைத் திட்டி, மெட்டுப் பிசகாமல் அவரே கட்டிவிடுவார். துணியின் புதுக் கரைக்கு நிறம் சேர்ப்பதும் அந்தத் திண்ணையில்தான். மாம்பழ மஞ்சளுக்கு மயில்கழுத்து சரிவருமா என்று பெரிய வழக்கே நடக்கும். கரண்ட் வந்ததும் பாட்டைப் பாதி வரியில் விட்டுவிட்டு எழுந்து ஓடுவார்.

இப்போது அழகாகச் சொல்கிறேன். ஆனால் கரண்ட் அடிக்கடி போன வாரத்தில் கூலி குறையும். அந்த வாரம் மளிகைக் கடைக்கு அம்மா போகமாட்டாள், என்னை அனுப்புவாள்.

இந்த ஊரில் இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட கரண்ட் போகவில்லை. சரி, பழகிவிட்டேன். இப்போது நானும் நாலரைக்குக் கணினியை மூடுகிறேன். வாட்டர்கலர் கற்றுக்கொள்கிறேன். மலை வரைந்தாலும் மரம் வரைந்தாலும் கடைசியில் தாளின் ஓரத்தில் ஒரு கரை வந்துவிடுகிறது.

கெம்னிட்ஸை ஒருகாலத்தில் சாக்சனியின் மான்செஸ்டர் என்பார்களாம். நூற்பாலையும் தறி செய்யும் பட்டறையுமாக இருந்த ஊர். போன மாதம் ஒரு ஞாயிறு, இங்குள்ள தொழில் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுத்துப் போனேன். ஒரு பெரியவர் பழைய தறியொன்றை ஓட்டிக் காட்டினார். டடக், டடக். மூன்று நிமிஷம்தான் இருக்கும். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் மட்டும் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்ததைப் பார்த்து "இழை! இழை!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

வீடு திரும்பியதும் நைனா போன் செய்தார். அங்கே இருட்டிவிட்டிருந்தது.

"காசு குடுத்து தறி பாக்கப் போனியா?"

"ஆமா நைனா. எல்லாரும் கைதட்டினாங்க."

"இன்னாத்துக்கு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிரித்தார். "நூல் இன்னா நம்பரு? நாப்பதா, அறுபதா?"

நூல் எவ்வளவு மெலிசு என்பதைச் சொல்லும் எண் அது. கேட்கவில்லையே என்றேன்.

"அதக் கேக்காம இன்னாத்தப் பாத்தே நீ..." என்று தொடங்கும்போதே அவருக்குப் பின்னால் எதிர்வீட்டுத் தறி டடக் என்றது. அப்புறம் தெருவே எழுந்துகொண்டது.

"கரண்ட்டு வந்துடுச்சும்மா, வச்சிடறேன்."