15 வயதில் தைராய்டு புற்றுநோய்: மகளோடு கடந்து வந்த சிகிச்சை

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய் பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய், மூளைக் கட்டி, சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி போன்றவைதான். மார்பகம், குடல், நுரையீரல் என்று பெரியவர்களைத் தாக்கும் வகைகள் சிறுவர்களிடம் மிக அபூர்வம். என் மகளுக்கு 15 வயதில் வந்தது, பெரியவர்களிடமே அதிகம் காணப்படும் பாப்பிலரி தைராய்டு புற்றுநோய். கழுத்தில் வலியில்லாத ஒரு கட்டி, வேறு தொந்தரவு எதுவும் இல்லை.

முதலில் பார்த்த மருத்துவர், "இந்த வயசில் இதெல்லாம் சகஜம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்றார். நர்ஸாக வேலை செய்யும் என் அண்ணி விடவில்லை. ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் எடுக்க வைத்தார். பெரியவர்களின் தைராய்டு கட்டிகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் புற்றாக இருக்கும். சிறுவர்களிடம் ஏறத்தாழ நான்கில் ஒன்று! அவர் பிடிவாதம்தான் எங்களைக் காப்பாற்றியது.

கழுத்து நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருந்தது. அதைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் இந்த நோய் பிள்ளைகளிடம் சீக்கிரமே பரவும், இருந்தும் அவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் நீண்ட காலம் நன்றாக வாழ்கிறார்கள் என்று அறுவை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இதற்குப் பொதுவாகக் கீமோ கிடையாது. ஆகவே குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் சேராமல், பெரியவர்கள் பிரிவில் அறுவை, குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரின் மேற்பார்வை என்று முடிவானது. "வருடத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறீர்கள்?" என்று நேராகவே கேட்டேன். தயங்காமல் கேளுங்கள். பிள்ளைகளுக்கென்று அமெரிக்க தைராய்டு சங்கம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அனுபவம் மிகுந்த கைகளையே வலியுறுத்துகிறது.

ஆபரேஷனுக்குப் பின் உதட்டைச் சுற்றி மரத்துப்போனது, விரல்கள் குறுகுறுத்தன. கால்சியம் குறைந்ததால் வருவது அது. உடனே சொன்னதால் உடனே மருந்து கிடைத்தது.

என்னைப் படுத்தி எடுத்தது, மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் மருந்துக்கு முந்தைய பத்தியம்தான். உடலில் அயோடின் குறைந்திருந்தால்தான் அந்த மருந்து நன்றாக வேலை செய்யும். பால், தயிர், முட்டை, மீன் கூடாது. அயோடின் உப்பு கூடவே கூடாது. கல்லுப்பு போதுமே என்று நினைக்காதீர்கள், அதிலும் இப்போது அயோடின் சேர்த்து விற்கிறார்கள். பாக்கெட்டைப் படித்துத்தான் வாங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கடைப் பலகாரம் எல்லாம் ஒதுக்கினேன். சோறு, பருப்பு, காய், வீட்டிலேயே அரைத்த பொடி என்று ஓட்டினோம். வீட்டில் எல்லோருமே அதையே சாப்பிட்டோம், அவள் தனியாக உணரக் கூடாதே என்று. சுரப்பியை எடுத்தபின் தரும் தைராய்டு ஹார்மோன் மாத்திரையையும் நிறுத்தியிருந்ததால் எந்நேரமும் சோர்வு, குளிர். மருந்து கொடுத்த பின் உடலிலிருந்து கதிர்வீச்சு வரும் என்பதால் தனி அறை. உள்ளே யாரும் போக முடியாது, பேச்செல்லாம் கைபேசியில்தான். அழுதாள், நானும் வெளியே அழுதேன்.

இப்போது ப்ளஸ் டூ படிக்கிறாள். நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் தைரோகுளோபுலின் ரத்தப் பரிசோதனையும் கழுத்து ஸ்கேனும் தொடர்கின்றன. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்பு. கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.