அடித்தகடும் உருளையும்

இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் ஊரின் கிரிக்கெட் மன்றம் கழித்துப்போட்ட பழைய ரான்சம்ஸ் புல்வெட்டி ஒன்றைச் சென்ற குளிர்காலத்தில் வாங்கி வந்தேன். கம்பளித் துணியின் இழைப்பிசிறை மழிக்கும் ஆலை இயந்திரத்தைக் கண்டு எட்வின் பட்டிங் வடிவமைத்து, 1830இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இதிலும் இருக்கிறது: சுழலும் உருளையின் திருகலான அலகுகள், அசையாத அடித்தகட்டோடு சேர்ந்து கத்தரிக்கோல்போலப் புல்லை நறுக்குகின்றன.

எஞ்சின் அதிகம் படுத்தவில்லை. கார்புரேட்டரைக் கழுவி, ஸ்பார்க் பிளக்கை மாற்றியதும் ஓடத் தொடங்கியது. அடித்தகடுதான் பொறுமையைச் சோதித்தது. அதன் திருகாணிகள் துருவேறி இறுகிப்போயிருந்ததால், மூன்று நாள் எண்ணெயில் ஊறவிட்டு, சூடேற்றி, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இரண்டின் தலை முறிந்து, துளையிட்டே எடுக்க வேண்டியதாயிற்று. உருளையைத் தாங்கும் பேரிங்குகளில் ஆட்டம் இருந்தால் எவ்வளவு சாணை பிடித்தாலும் பயனில்லை என்பதால் அவற்றை முதலில் மாற்றினேன். பிறகு புதுத் தகட்டைப் பொருத்தி, அலகுகளில் உராய்ந்து தீட்டும் துகள்கள் கலந்த அரைப்புப் பசையைத் தடவி, உருளையைப் பின்னோக்கிச் சுழற்றிக் கூர்தீட்டினேன். (காது கூசும் ஓசை, பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள்.) பசையை முற்றிலும் கழுவியபின், வெட்டு சீராக இருக்கிறதா என்று அறிய, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அலகுக்கும் தகட்டுக்கும் இடையே செய்தித்தாள் துண்டுகளைக் கொடுத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் மட்டும் காகிதம் மடங்கியது. இடைவெளியைச் சரிசெய்யும் அந்தப் பக்கத்துத் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியதும் அங்கும் சுத்தமாக அறுந்தது.

பச்சை வண்ணம் பூசுவதை மட்டும் தள்ளிப்போட்டிருக்கிறேன். பல கைகள் பட்டுத் தேய்ந்த கைப்பிடியை மறைக்க இன்னும் மனம் வரவில்லை.