பத்தாயத்துக்குள் கேமரன் மலைத் துணிகள்

மலேசியாவின் கேமரன் மலையில் குவில்ட் என்றால் போர்வை, அவ்வளவுதான். அங்கே தானா ராத்தா என்ற ஊர் கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகம், விடியற்காலையில் 15 டிகிரி வரைக்கும் இறங்கிவிடும், வருஷம் பூராவும் ராத்திரி போர்த்திக்கொள்ள ஏதாவது வேண்டும். அங்கே நான் தைத்துக்கொண்டிருந்ததை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கேள்வியெல்லாம் கல்யாணமாகி கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்துக்கு வந்த பிறகுதான். மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி என்று மூன்றடுக்காகத் தைத்து அத்தைக்கென்று கொண்டுவந்த குவில்ட்டை, சித்திரை வெயிலில் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். "அழகா இருக்கும்மா, மார்கழிக்குப் போத்திக்கிறேன்" என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். மார்கழி வந்தது, பீரோ திறக்கவில்லை.

ஊர் மாறி வந்தவர்கள் எழுதும்போது சாப்பாடு, விசா என்று ஆரம்பிப்பார்கள். சாப்பாட்டில் எனக்குப் பெரிய சிக்கல் இல்லை. விசாதான் கொஞ்சம் இழுத்தது. இந்திய வம்சாவளி என்று காட்டினால் மலேசியக் குடிமக்களும், விசா இல்லாமலே இந்தியாவில் தங்க உதவும் ஓசிஐ அட்டை வாங்கலாம், ஆனால் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறினார் என்பதற்கு எங்கள் வீட்டில் பேச்சுதான் இருக்கிறது, காகிதம் இல்லை. அதனால் இந்தியரின் மனைவி என்ற வழி, அதற்குக் கல்யாணம் பதிவாகி 2 வருஷம் ஓடியிருக்க வேண்டும், அதுவரை விசாவை நீட்டித்துக்கொண்டு இருந்தேன். அது போகட்டும். என்னை இந்த வீட்டில் நிம்மதியாக உட்காரவிடாமல் செய்தது என் துணிமூட்டைதான்.

திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் இருப்பதில் ஒரு கெடுதல் உண்டு, வருகிறவர்கள் கையிலெல்லாம் ஒரு பை கொடுத்தனுப்பலாம். அம்மா அனுப்பிக்கொண்டே இருந்தார். பாத்திக் துண்டுகள், ஃபிளானல், கம்பளிக் கோட்டுத் துணி, அப்பாவின் பழைய சட்டைகள், நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கி வைத்த பூப்போட்ட காட்டன்கள். மெஷினால் தொல்லை இல்லை. அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பட்டைக்கால் பிளக்கை எடுத்துவிட்டு உருண்டைக்கால் பிளக் மாட்டியதோடு வேலை முடிந்தது. (அமெரிக்காவிலிருந்து மெஷின் தூக்கி வருகிறவர்கள் அப்படியே சொருகிவிடாதீர்கள், அது 120 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.) மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று காலையில் போகிற கரண்ட் சாயங்காலம்தான் வரும். அன்றைக்கு அத்தையின் கால் மெஷின். நேர்த்தையலுக்கு அதைவிட நல்ல மெஷினை நான் பார்த்ததில்லை.

தைப்பதற்கென்று எனக்குக் கிடைத்தது நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் இருக்கிற அறை. இப்போது நெல் களத்திலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது, சாப்பாட்டுக்கு மட்டும் சில மூட்டை வீட்டுக்கு வருகிறது. அதனால் ஆளுயர மரப் பத்தாயம் காலியாகக் கிடந்தது. மேலே திறந்து துணியைப் போட்டேன், வரவரப் போட்டுக்கொண்டே இருந்தேன். கீழே ஒரு சின்னக் கதவு இருக்கும், தூக்கினால் நெல் தானாகச் சரிந்து வெளியே வரும். துணி சரியாது. அடியில் கிடக்கும் நீலப் பாத்திக் வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏறி, பாதி உடம்பை உள்ளே விட்டுத் தலைகீழாகத் தொங்க வேண்டும். வேலை மெனக்கெட்டு யார் தொங்குவது? கடைத்தெருவில் புதுசாக ஒரு மீட்டர் வாங்கிவந்து அதையும் மேலே போட்டேன்.

ஐப்பசி மழை இதற்கு ஒரு முடிவு கட்டியது. லாக் கேபின் குவில்ட் ஒன்று பாதியில் நின்றிருந்தது. நடுவில் சிவப்புச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள் வைத்துத் தைக்கிற மாதிரி. மூன்றடுக்கும் நழுவாமலிருக்க ஊக்கு குத்திச் சுருட்டி வைத்திருந்தேன். மழை விட்ட ஒருநாள் பிரித்தால் ஒவ்வொரு ஊக்கு குத்திய இடத்திலும் பழுப்பாக இரண்டிரண்டு புள்ளி, ஊக்கு உள்ளே போன இடத்தில் ஒன்று, வெளியே வந்த இடத்தில் ஒன்று. மலையிலும் ஈரம் உண்டு, ஆனால் இந்த உப்புசத்தில் துரு பிடிக்கிற வேகம் வேறு. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் வெள்ளைத் துணியில் துருக்கறை போகிறது. சாயத் துணியில் கறையோடு சாயமும் போகிறது. அத்தை பார்த்துக்கொண்டே நின்றார். "இவ்வளவையும் வெச்சு என்னதாம்மா பண்ணப்போறே?" என்றார். அப்புறம் வசம்பைத் தட்டிச் சின்ன முடிச்சுகளாகக் கட்டிப் பத்தாயத்தில் போட்டார், பூச்சி வராதாம். கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. அத்தை வெண்கலப் பானையை முந்தானையால் பிடித்து இறக்குவதைப் பார்க்கப் பயமாக இருந்ததால் இரண்டு பிடிதுணி தைத்தேன். நடுவில் பாலியஸ்டர் பஞ்சு வைத்தால் சூட்டில் இளகும் என்பதால், மாமாவின் பழைய எட்டுமுழ வேட்டியைக் கிழித்து நாலு மடிப்பாக உள்ளே வைத்தேன். அது கச்சிதமாக அமைந்தது. மறுவாரம் பக்கத்து வீட்டு அக்கா தனக்கும் கேட்டார். அதற்குப் பிறகு கிரைண்டர் உறை, ஸ்கூட்டர் சீட்டுக்கு மேல்துணி, ரேஷன் கடைக்குப் போகும் பை. அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்தபோது குழந்தைக்கு ஒரு விரிப்பு. இதற்கெல்லாம் வேட்டிதான் நடு அடுக்கு, பல வருஷம் துவைத்த வேட்டியின் மெதுமையைக் கடைப் பஞ்சு தராது. இலவம் பஞ்சு வைத்துப் பார்க்கலாமா என்று மெத்தை தைப்பவரிடம் கேட்டேன். அது வழுக்கும், ஓரிடத்தில் நிற்காது, அதற்காகத்தான் மெத்தையில் இடத்துக்கு இடம் முடிச்சுப் போடுகிறோம் என்று சிரித்தார்.

குழந்தை விரிப்புக்குத் துணி தெருமுனை டைலர் அக்காவிடம் வாங்கியது. ரவிக்கை வெட்டிய மிச்சம், எல்லாம் டூ பை டூ ரூபியா, மெல்லிசு, எந்தப் புடவைக்கும் பொருத்தம் பார்ப்பதற்கென்றே இருக்கிற துணி என்பதால் இல்லாத நிறம் கிடையாது. மெல்லிசு என்பதால் ஒரு கஷ்டமும் உண்டு, தையல் ஓரத்தை வெளிர் நிறப் பக்கம் மடித்தால் முன்பக்கம் நிழல் தெரியும், கறுத்த நிறப் பக்கமாக மடித்து இஸ்திரி போட வேண்டும். தாராசுரத்தில் பட்டு மிச்சமும் கிடைக்கும், சுற்றுவட்டாரமே பட்டுத்தறி. பையில் பட்டு வைப்பேன், குழந்தைக்குக் கிடையாது, ஜரிகை குத்தும். விரிப்பின் ஒன்பது கட்டத்திலும் பூ ஒவ்வொரு பக்கம் திரும்பியிருந்தது. அத்தை தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நவக்கிரகம் மாதிரி ஒண்ணும் இன்னொண்ணைப் பாக்கலையே" என்றார். கும்பகோணத்துக்காரரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சாக்கில் பத்தாயத்தை முழுசாகக் காலி செய்தேன். போகியில் கொளுத்திவிடலாமா என்று கேட்ட கணவரோடு அன்றைக்குப் பேசவில்லை. கூடத்தில் பாய் விரித்துக் கொட்டி, முதலில் ஃபேனை நிறுத்தினேன், ஓடுகிற ஃபேனுக்கடியில் துணி பிரிக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். நிறம்வாரியாக அடுக்கி வைப்பது பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான், அதில் ஒரு துணிகூடக் குறையாது. நான் பார்த்தது இரண்டே விஷயம். இந்த வீட்டில், இந்த வெயிலில் இது எதற்காவது ஆகுமா? ஆகுமென்றால் 5 அங்குலச் சதுரம் வருமா, இல்லை 2½ அங்குலப் பட்டையா? இரண்டும் வராத பொடியெல்லாம் திண்ணை மெத்தைக்குள் திணிக்கப் போனது. சதுரமும் பட்டையும் அன்றன்றைக்கே ரோட்டரி கட்டரில், அதாவது உருட்டி வெட்டுகிற வட்டக் கத்தியில் வெட்டி, பழைய பிஸ்கட் டின்களில் போட்டேன். பிறகு வெட்டலாம் என்று மடித்து வைத்தால் அது மறுபடி மூட்டைதான். வெட்டும்போது துணிக்கடியில் வைக்கிற பிளாஸ்டிக் பாயை முற்றத்து வெயில் படுகிற சுவரில் மட்டும் சாய்த்து வைக்காதீர்கள், ஒருமுறை வளைந்தால் பிறகு தட்டையாகவே படுக்காது.

இடையில் கோயில் தேருக்குச் சீலை தைக்கிற ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். தேரில் உருளையாகத் தொங்குமே, தொம்பை, அதைத் தைக்கிறவர். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை என்று துணியைப் பூவாகவும் யாளியாகவும் வெட்டி, அடித்துணி மேல் வைத்து ஓரம் தைக்கிறார். என் வேலைக்குத் தாயாதி வேலை இந்த ஊரில் எனக்கு முன்னாலேயே இருக்கிறது என்று சந்தோஷமாக என் லாக் கேபினைக் காட்டினேன். "ஏம்மா, இவ்வளவு பொடிசா வெட்டினா தேர் வரும்போது தெருவுல நிக்கிறவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். திண்ணை மெத்தையின் உறைக்குப் பெரிய பெரிய துண்டாக வெட்டியது அவர் சொன்னதற்குப் பிறகுதான். வாசலில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

துருப் பிடித்த லாக் கேபினைப் பிரித்துக் கறை இல்லாத கட்டங்களை எடுத்துக்கொண்டேன். பாதியில் நின்ற மற்றவற்றில் முடிக்க மனசிருந்ததை வைத்தேன், இல்லாததை டைலர் அக்காவின் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன், அவள் என்ன செய்தாள் என்று கேட்கவில்லை. அப்பாவின் சட்டைகள் அப்படியே இருக்கின்றன, அதற்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. மிச்சத்தைத் திரும்பப் போட்டும் பத்தாயத்தில் பாதி காலியாக இருந்ததும் அத்தை பேரம் பேச வந்தார். சம்பா அறுப்பை ஒட்டி வயலில் போட்ட உளுந்து பங்குனியில் வீட்டுக்கு வரும், பாதி அதற்கு வேண்டும் என்றார். சரி என்றேன், வசம்பு அவருடையதுதானே.

கம்பளியும் ஃபிளானலும் மலைக்கே திரும்புகின்றன. ரிங்லெட்டில் இருக்கும் சித்தி மகள் கேட்டிருக்கிறாள், ஊருக்குப் போகிற ஒரு குடும்பம் எடுத்துப்போகச் சம்மதித்திருக்கிறது. திரும்பி வரும்போது அவர்கள் கையில் ஒன்றும் கொடுத்தனுப்பக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. "ஒரே ஒரு பைதான்" என்கிறார்.